காலை ஊன்றக் கூடாது

உங்களில் யாராவது இனிமேல் ஒரு நோயாளியிடம் "காலை ஊன்றக் கூடாது" என்று சொல்வதாக இருந்தால், என் காதில் விழாத தூரத்தில் போய்ச் சொல்லுங்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். திட்டுவதற்கு எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

எலும்பு மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அறுவை நுட்பம் எதையும் நான் சொல்லப் போவதில்லை. திருகாணியை எந்தக் கோணத்தில் ஏற்றுவது, எந்தத் தசையை விலக்குவது என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் படத்தோடு இருக்கிறது. நான் சொல்ல வருவது தையல் பிரித்த பிறகு நடப்பதைப் பற்றி. நம் தொழிலில் 'ரிசல்ட்' என்ற சொல்லை ஆளுக்கொரு இடத்தில் வைத்திருக்கிறோம். நான் அதை எக்ஸ்ரேயில் வைத்திருந்தேன். கன்னியம்மா தன் கொண்டையில் வைத்திருந்தார்.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் இருந்தேன். தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருந்ததால் வருகிறவர்களில் பாதிப் பேர் இரும்பு ஆலைக்காரர்கள். நசுங்கிய விரல், முறிந்த முழங்கை, காலில் விழுந்த கம்பி. மீதிப் பேர் சுற்று வட்டாரத்துக் கிராமத்து ஆட்கள். நான் பெண் என்பதால் அறைக்குள் வந்து உட்கார்ந்து என்னையே பார்த்து, "எலும்பு டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்பார்கள். "வந்துட்டாரு, சொல்லுங்க" என்பேன். சிலர் அதற்குப் பிறகும் கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கன்னியம்மா பார்க்கவில்லை. அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். படுத்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தவர், "நீ தான் அறுக்கிற டாக்டரா? கை சின்னதா கீதே, சுத்தி புடிப்பியா?" என்றார். வலியில் முகம் வெளுத்திருந்தது. ஆனால் வாய் மட்டும் உடையவில்லை.

கவரப்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அறுபது தாண்டியவர். கணவர் போன பிறகு நெல் நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். அறுவடை முடித்துத் தார்ச்சாலையின் ஓரத்தில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். வேகமாக வந்த ஒரு வேனுக்கு வழிவிட நெல்லின் மேலேயே காலை வைத்தார். நெல் உருண்டது, அவரும் உருண்டார். வலப்பக்கமாக விழுந்ததில் வலது இடுப்பெலும்பு ஒன்று, வலது தோள் ஒன்று, இரண்டும் ஒரே அடியில் போயின.

"வேனு தட்டியிருந்தாக்கூட மனசு ஆறும். என் நெல்லே என்னத் தள்ளி உட்டுடுச்சு பாரு" என்றார்.

கூட வந்தவர் மகன் ஏழுமலை. அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை, குவார்ட்டர்ஸில் மனைவியோடு குடியிருப்பு. வேலை உடுப்போடு ஓடிவந்திருந்தார். எங்கள் வட்டாரத்தில் எலும்பு உடைந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வியை அவரும் கேட்டார். "டாக்டரம்மா, புத்தூர் இட்டுக்கினு போயி கட்டு போட்டுட்டா ஆவாதா?"

நாட்டு வைத்தியர் கட்டு இதற்கு ஆகாது என்று சொல்லி, ஏன் ஆகாது என்றும் சொன்னேன். இடுப்பு விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அந்த வயதில் அந்த எலும்பை விட்டுவைத்தால் படுக்கை, படுக்கையிலிருந்து சளி, சளியிலிருந்து எங்கே என்று உங்களுக்கே தெரியும். யோசனை எல்லாம் தோளைப் பற்றித்தான். தோளைத் தூளி கட்டித் தொங்கவிட்டும் ஆற வைக்கலாம். ஆனால் இடுப்பு அறுவை செய்த ஆள் எழுந்து நடக்க வாக்கர் வேண்டும். வாக்கரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை தூளியில் தொங்கினால் அவர் எதைப் பிடித்து எழுவார்? அதனால் தோளுக்கும் பிளேட் வைப்பது என்று முடிவு செய்தேன். தோளுக்கென்று புது மாதிரிப் பிளேட்டுகள் அப்போதுதான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தன. அதைக் கையில் எடுத்துப் பார்க்க எனக்குள்ளும் ஒரு அரிப்பு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் இவ்வளவையும் விளக்கி முடித்ததும் கன்னியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கை மேல வருமா? கொண்ட போட வருமா?"

"முதல்ல நடக்கறதப் பாப்போம் கன்னியம்மா."

"நடக்கறது கெடக்கட்டும். இவன் இன்னா சொல்லிக்கினு கீறான், கேளு."

ஏழுமலை தலையைச் சொறிந்தார். விஷயம் இதுதான். ஸ்ட்ரெச்சரில் வரும் வழியிலேயே தாய்க்கும் மகனுக்கும் ஒரு சண்டை முடிந்திருந்தது. இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடு என்கிறார் மகன். முடியாது என்கிறார் தாய். குவார்ட்டர்ஸ் இரண்டாவது மாடி. மருமகளோடு பகை ஒன்றும் இல்லை. "தங்கமான பொண்ணு தான். ஆனா அந்த ஊட்டுல எனுக்கு இன்னா வேல? ஜன்னல்ல நின்னுக்கினு பொகக் கொயாய எண்ணிக்கினு இருக்கறதா?" கடைசியில் மகன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "உன் தலைய நீயே வாரி, உன் கொண்டய நீயே போட்டுக்கோ. அன்னிக்கி உன்ன உன் ஊட்டுலயே உட்டுடறேன். அது வரலன்னா நீ என் கூட வந்துடணும்."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை அவர். யோசித்துப் பாருங்கள், தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடியைச் சுற்ற முடிகிற ஆளால் குளிக்க முடியும், ரவிக்கை போட முடியும், அடுக்கிலிருந்து பாத்திரம் எடுக்க முடியும். நம் ஆங்கிலப் புத்தகத்தில் தோளுக்கு மதிப்பெண் போடும் தாள் ஒன்று இருக்கிறதே, அதில் பாதிக் கேள்விகளை ஏழுமலை ஒரே கேள்வியில் அடக்கியிருந்தார்.

இரண்டு அறுவையும் நல்லபடியாக முடிந்தன. முதலில் இடுப்பு, சில நாள் கழித்துத் தோள். இடுப்பில் போட்டது சறுக்கும் திருகாணி. எடை ஏற ஏற அது உள்ளுக்குள் கொஞ்சம் சறுக்கி, உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கும். இருந்தாலும் தோள் வாக்கரைத் தாங்குகிற வரைக்கும் அவர் எழுந்து நின்றால் விழுவார், விழுந்தால் எல்லாம் போச்சு என்று எனக்குப் பயம். அதனால் சில வாரம் காலைக் கீழே வைக்காமல் படுக்கையிலேயே பயிற்சி செய்யட்டும் என்றேன். அதைச் சொல்லி அனுப்பும் பொறுப்பு செழியனுக்கு.

செழியன் எங்கள் பிசியோதெரபிஸ்ட். தென் மாவட்டத்துக்காரர். நல்ல திறமைசாலி, ஒரே ஒரு வினோதம் உண்டு: ஆங்கிலம் கலக்காமல்தான் பேசுவார், அதையும் மேடையில் பேசுவதுபோலப் பேசுவார். கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவராம். நோயாளிகளிடம் "சிற்றுண்டி அருந்தினீர்களா?" என்பார். "நாஷ்டா ஆச்சாம்மான்னு கேக்கறார்" என்று சிஸ்டர் மொழிபெயர்ப்பார். கன்னியம்மா அவர் பேசுவதை ரசித்துக் கேட்பார். "இந்தத் தம்பி வாயத் தொறந்தா ரேடியோ வெச்ச மாறி கீது" என்று என்னிடமே சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று செழியன் கட்டில் அருகே நின்று தெளிவாக, நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி சொன்னார். நானே காதால் கேட்டேன்.

"அம்மா, மறந்துவிடாதீர்கள். மருத்துவர் சொல்லும்வரை காலை ஊன்றக் கூடாது."

"காலை ஊனக் கூடாது. புரியுது தம்பி" என்றார் கன்னியம்மா.

பார்த்தீர்களா, திருப்பிச் சொல்லவும் சொன்னார். இதற்கு மேல் ஒரு மருத்துவமனை என்ன செய்ய முடியும்? ஏழுமலை அப்போது ஆட்டோ கூட்டிவர வெளியே போயிருந்தார். அவரிடம் நான் வாசலில் நின்று, கால் தரையில் படக் கூடாது என்று தனியாகச் சொன்னேன்.

அதன் பிறகு கட்டுப் பிரிக்க, தையல் எடுக்க என்று சில முறை அவர் காலை நேரத்தில் வந்தார். ஏழுமலை இரவு ஷிப்ட் முடித்து நேராகக் கிராமத்துக்கு வந்து, அம்மாவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஆட்டோவில் வைத்து, இங்கே வந்ததும் இறக்கிச் சக்கர நாற்காலியில் வைப்பார். கால் ஒரு விநாடிகூடத் தரையில் படாது. நான் கேட்பேன், "காலை ஊனலயே?"

"சே சே. ஊனறதே இல்ல டாக்டரம்மா. பல்லு வெளக்கறது, நாஷ்டா துன்றது எல்லாம் கட்டில்லயே தான்."

இவ்வளவு ஒழுங்கான நோயாளியா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காமல் பீடி வாங்க நடந்துபோன ஒரு லாரி டிரைவரிடம், "ஒரு அம்மா கீறாங்க, அவங்களப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று அவரை உதாரணமாகவே காட்டினேன்.

பிறகு அந்த நாள் வந்தது. காலையில் ஆலையிலிருந்து மூன்று பேரை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் எல்லோருக்கும் தையலும் கட்டும் தேவை. வெளி நோயாளிகளை எல்லாம் மதியத்துக்கு மேல் வரச்சொல்லி சிஸ்டர் போன் போட்டார். கன்னியம்மா வீட்டுக்கும் சொல்லியாயிற்று.

சாப்பாடு முடிந்து நான் அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். வராந்தாவில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி 'கிறீச்'. யாரோ மேசையை இழுக்கிறார்கள் என்று நினைத்து, திட்டலாம் என்று எட்டிப் பார்த்தேன்.

கன்னியம்மா நடந்து வந்துகொண்டிருந்தார். வலது கை மார்போடு மடங்கியிருந்தது. இடது கையால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளினார். நாற்காலி கிறீச்சிட்டு ஒரு முழம் முன்னே போகும். இவர் வலது காலைத் தூக்கித் தரையில் நன்றாக, முழுதாக, உடல் பாரம் மொத்தத்தையும் போட்டு ஊன்றுவார். பின்னால், வீட்டில் துணைக்கு வந்திருந்த அவர் தங்கை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக வந்தார். கன்னியம்மா முகத்தில் ஒரு கவலையும் இல்லை. பென்ச்சில் இருந்தவர்களிடம் "சாப்டாச்சா?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

அந்த எலும்பின் மேல் அந்தப் பாரம். திருகாணி எலும்புத் தலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும் என்றே நினைத்தேன். அப்படியானால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அறுக்க வேண்டும், மூட்டையே மாற்ற வேண்டும். அத்திப்பட்டு மாடி ஜன்னல் அவருக்கு உறுதி.

என் எதிரே செழியன் வாயைத் திறப்பதைப் பார்த்தேன். சிஸ்டரும் "ஐயோ" என்று கையைத் தூக்கிவிட்டார். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இவ்வளவு தூரம் விழாமல் வந்த ஒருவரை விழவைக்க ஒரு கத்தல் போதும். திடுக்கிட்டுத் திரும்பினால் நாற்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நான் இரண்டு பேரையும் கண்ணாலேயே அடக்கிவிட்டு, கடைக்கு வந்தவரிடம் பேசுவதுபோலச் சொன்னேன்:

"வாங்க கன்னியம்மா. வெயில்ல வந்திருக்கீங்க. நாற்காலி தான் கையிலயே இருக்கே, அதுலயே செத்த உக்காருங்க."

"ஆமா, மூச்சு வாங்குது" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"கன்னியம்மா, நடந்தா வந்தீங்க?"

"ஆட்டோவுல தான். புள்ள தூங்கறான், எயுப்பல. கேட்டாண்டயிருந்து நடந்தேன்."

"ஊன்றக் கூடாதுன்னு சொன்னோமே!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார்.

"மதியானம் தானே? காலைல ஊனக் கூடாதுன்னு தானே அந்தத் தம்பி சொல்லிச்சு. அது சொன்ன மாறியே காத்தால நான் அசையறதே இல்ல. வெயில் ஏறினப்பறம் தான் எயிந்துக்கறேன்."

பென்ச்சில் இருந்த அந்த லாரி டிரைவர் சிரிக்கத் தொடங்கினார்.

எப்படி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கன்னியம்மாவுக்குக் கால் என்றால் 'காலு'. பொழுது விடிந்தால் 'காத்தால'. சிற்றுண்டி என்று பேசுகிற ஒருவர் 'காலை' என்று சொன்னால் அது எதுவாக இருக்கும்? காத்தாலயைத்தான் ரேடியோ பாஷையில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பேச்சு எனக்கும் தொற்றி, நானும் "காலை ஊனலயே" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் உண்மையாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் வந்ததெல்லாம் காலையில். தூக்கி இறக்கிவிட்டு, திரும்பியதும் அடித்துப்போட்டதுபோலத் தூங்கிவிடுவார். அம்மா மதியம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு களத்துமேடு வரை போய்வருவது அவருக்கும் தெரியாது.

"ஏன் காலைல மட்டும் ஊன்றக் கூடாதுன்னு நீங்க யோசிக்கலயா?" என்றேன்.

"ஏன் யோசிக்கல? காத்தால பனியில எலும்பு கொயகொயன்னு இருக்கும். வெயில் பட்டா இறுகிடும். வடாம் காயற மாறி" என்று எனக்குப் பாடம் எடுத்தார். தங்கையும் ஆமாம் என்று தலையாட்டினார். ஊரில் இரண்டு மூன்று பேருக்கு இந்த மருத்துவத்தை ஏற்கெனவே சொல்லியாயிற்றாம்.

எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். அப்போதெல்லாம் படம் இருட்டறையில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வரும். அது வருவதற்குள் செழியன் என் அறை மூலையில் நின்று, "மருத்துவரே, நான் பணியிலிருந்து விலகிவிடுகிறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "முதல்ல படம் வரட்டும். உங்க ராஜினாமா கடிதத்துல என்னென்ன வார்த்தை இருக்குமோ, அத வேற நான் படிக்கணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளூரச் சிரிப்பு வரவில்லை.

படம் வந்தது. வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். திருகாணி எலும்புத் தலைக்குள் அதே இடத்தில், நடுவில், சொகுசாக உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் சறுக்கியிருந்தது. அது சறுக்கத்தானே இருக்கிறது! உடைந்த இரண்டு துண்டும் நெருங்கி இறுகியிருந்தன, ஓரத்தில் புது எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தக் கதையை நான் சொன்ன இடத்திலெல்லாம் யாராவது ஒருவர், "அப்படியானால் எல்லோரையும் நடக்க விடலாமே" என்கிறார். விடக் கூடாது. கன்னியம்மாவின் எலும்பு உடைந்திருந்த வாகு பாரத்தைத் தாங்கும் வாகு. பக்கவாட்டில் இன்னொரு துண்டு பெயர்ந்திருந்தால் அதே நடையில் எல்லாம் சரிந்திருக்கும். அப்படிச் சரிந்து வந்தவர்களையும் நான் மறுபடி அறுத்திருக்கிறேன். அவரையே நடக்க விட, அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. அவர் விழாமல் இருந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நாம் சிகிச்சை முறை என்று எழுதிவைக்கக் கூடாது.

மாலையில் ஏழுமலை ஓடிவந்தார். விஷயம் கேட்டு முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா பேஜாரு பண்ற நீ! இன்னிக்கே கெளம்பு அத்திப்பட்டுக்கு" என்று கத்தினார். திரும்பப் படுக்கையில் போடச் சொல்லுங்கள் என்று என்னையும் நெருக்கினார். நான் யோசித்தேன். படுக்க வைத்தால் எல்லோருக்கும் நிம்மதி, அவர் எலும்பைத் தவிர. "இனிமே காலைலயும் நடக்கட்டும். ஆனா பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும், செருப்பு போடணும், நெல் காயற பக்கம் போகக் கூடாது" என்றேன். கன்னியம்மா மகனைப் பார்த்து, "கேட்டுக்கினியா?" என்றார்.

"நடந்தா ஆச்சா? நான் சொன்னது கொண்ட" என்றார் ஏழுமலை.

அங்கேதான் எங்கள் சிரிப்பு நின்றது. ஏனென்றால், தோள் வரவில்லை.

தோளின் எக்ஸ்ரேயை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு அழகு. திருவள்ளூரில் டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள். மறுநாள் கன்னியம்மா வந்தார். கை காதுவரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறவில்லை. தலையின் பின்பக்கம் வேறு ஊர் மாதிரி ஆகிவிட்டது. தங்கைதான் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

செழியன் விடவில்லை. சுவரில் விரலால் ஏறச் சொன்னார், கோலால் தூக்கச் சொன்னார், கயிறும் உருளையும் கட்டிக்கொடுத்தார். இப்போது அவர் பேச்சும் மாறியிருந்தது. "கைய மேல தூக்குங்கம்மா" என்பார். சொல்லிவிட்டு, "கையின்னா இந்தக் கை" என்று தொட்டும் காட்டுவார். கன்னியம்மா அவரைத் திட்டிக்கொண்டே அத்தனையும் செய்தார். வலி எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மறுபடி திறந்து ஒட்டிக்கொண்டதை விடுவிக்கலாமா என்று நானும் யோசித்தேன். அறுத்தால் இன்னும் இறுகிப்போகவும் இடம் உண்டு. வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டேன். அறுக்கத் தெரிந்தவளுக்கு அதுதான் கஷ்டமான வேலை. அந்த மாதிரித் தோள்களை அறுத்தாலும் அறுக்காவிட்டாலும் கடைசியில் கை கிட்டத்தட்ட ஒரே உயரம்தான் வருகிறது என்று பிற்காலத்தில் பலரும் பேசினார்கள். எனக்கு அது அந்தச் சுவர் முன்னால் நின்றபோதே கொஞ்சம் புரிந்துவிட்டது.

ஒருநாள் ஏழுமலை போன் செய்தார். அடுத்த முறை வரும்போது மனைவியோடு வருவதாகவும், பெட்டி கட்டி நேராக அம்மாவைக் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போகப் போவதாகவும் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அக்கறைதான். "ஆன மட்டும் பாத்தாச்சு டாக்டரம்மா. கை வராது. எனுக்கும் தெரியுது. சின்னம்மா எத்தினி நாளிக்கி ஊட்டயும் உட்டுட்டு வந்து கூட இருக்கும்?" நான் என்ன சொல்வது? எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றா?

அன்று காலை எல்லோரும் வந்தார்கள். ஏழுமலை, அவர் மனைவி, கன்னியம்மாவின் தங்கை, ஒரு சூட்கேஸ். கன்னியம்மா ஒரு ஊன்றுகோலோடு நடந்து வந்து உட்கார்ந்தார். தலை முடி அவிழ்ந்து தொங்கியது. வேண்டுமென்றேதான் அப்படி வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை, பாவமாக இருந்தது.

"டாக்டரம்மா, நீயே சாட்சி" என்றார். "டேய் நைனா, நீ அன்னிக்கி இன்னா சொன்ன?"

"உன் கொண்டய நீயே போட்டா இங்க, இல்லன்னா அங்கன்னு சொன்னேன்."

"மாத்திப் பேச மாட்டியே?"

"மாட்டேன்."

கன்னியம்மா ஒரு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தை வலது பக்கம் சாய்த்தார். முடி முழுவதும் சரிந்து வலது காதுப் பக்கம் வந்து விழுந்தது. இடது கையால் அதை அள்ளிப் பிடித்தார். வலது கை மெல்ல ஏறியது, காதுவரை. அதற்கு மேல் அதை ஏற்ற அவர் முயலவே இல்லை. காதுக்குக் கீழேயே முடியை இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் செருகி, பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துக் குத்தினார். கழுத்தை நிமிர்த்தினார். வலது காதுக்குக் கீழே கோணலாக, ஆனால் இறுக்கமாக, ஒரு கொண்டை.

மருமகள்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏழுமலை சுற்றிவந்து பார்த்தார்.

"இது இன்னாம்மா? கொண்ட பின்னால தானே இருக்கணும்? காதாண்ட கீது!"

"கொண்டன்னு தானே சொன்ன? எந்த எடத்துலன்னு சொன்னியா?"

அவர் என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா, இது செல்லுமா?"

நான் எழுந்துபோய், ஆங்கிலப் புத்தகத்தின் முறைப்படி கொண்டையை லேசாக இழுத்துப் பார்த்தேன். அவிழவில்லை. "செல்லும்" என்றேன். கைதட்டல் வாங்கிய எந்த எக்ஸ்ரேயும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

ஏழுமலை சூட்கேஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார், மறுபடி அம்மா வீட்டிலேயே இறக்கிவைக்க. போகிற வழியில் அவர் தோளும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதிகம் இல்லை. நோயாளியிடம் எதைச் சொன்னாலும் அதே வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள், அவர்கள் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் செய்தே காட்டச் சொல்லுங்கள். அறுவைக்கு முன்னால், இந்தக் கையால் உங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று கேளுங்கள். பதிலை நீங்கள் எதிர்பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

அன்று கன்னியம்மா கிளம்பும்போது வாசலில் செழியன் நின்றிருந்தார். இவர் நின்று, ஊன்றுகோலைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, வலது காலைப் படியில் நங்கென்று வைத்தார்.

"தம்பி, மணி பாத்துக்கோ. காத்தாலயே ஊனறேன்."